முன்பள்ளிப் பிள்ளையின் கற்றலுக்குத் தொழினுட்பம் துணைபுரிதல்



இவ்வலகிலிருந்து எதிர்பார்க்கத்தக்க வினா பெரும்பாலும் ஒரே வகையானது. “முன்பிள்ளைப் பருவக் கற்றலுக்குத் தொழினுட்பம் துணைபுரியும் விதத்தை விளக்குக.” சில வேளைகளில் ‘தொழினுட்பம்’ என்பதற்குப் பதிலாகக் ‘கட்புல, செவிப்புல சாதனங்கள்’ என்று வரலாம். வினாவைக் கண்டவுடன் பலர் கணினி, தொலைக்காட்சி, கையடக்கத் தொலைபேசி, புரொஜெக்டர் என்று சாதனங்களை வரிசையாக எழுதுகின்றனர். ஒவ்வொன்றின் கீழும் “பிள்ளைகளின் ஆர்வத்தைத் தூண்டும்” என்ற ஒரே கருத்தைச் சொல் மாற்றி எழுதி முடித்து விடுகின்றனர். இத்தகைய விடைகளைத் திருத்தும்போது நான் ஓரத்தில் எழுதுவது ஒரே கேள்விதான்: ‘இதில் பிள்ளை எங்கே?’

வினாவிலுள்ள ‘துணைபுரிதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கற்பது பிள்ளை, துணை நிற்பது சாதனம். எனவே விடை பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை எவ்வாறு கற்கின்றது என்று கூறிய பின்னரே, அக்கற்றலின் எந்த இடத்தில் சாதனம் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று கூற முடியும்.

பிள்ளை கற்கும் விதம்

இலங்கையில் சனவரி 31ஆந் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியடைந்த பிள்ளை தரம் 1இல் சேர்க்கப்படுகின்றது. எனவே முன்பள்ளிப் பிள்ளை எனும்போது ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளையையே நாம் மனதிற் கொள்கின்றோம். இவ்வயதினை விளக்குவதற்கு மூவரின் கருத்துக்கள் போதுமானவை.

முதலாமவர் ஜீன் பியாஜே (1896 – 1980). அவரது வகுப்பின்படி 2 முதல் 7 வயது வரையான பிள்ளை முன்செயற்பாட்டுப் பருவத்தில் உள்ளது. இப்பருவத்துப் பிள்ளை கண்ணுக்குத் தோன்றும் ஓர் அம்சத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஒரே அளவான இரண்டு கிளாஸ்களில் சம அளவு நீரை ஊற்றி, பிள்ளையின் கண்முன்னாலேயே ஒன்றிலுள்ள நீரை ஒடுங்கிய உயரமான கிளாஸினுள் மாற்றுங்கள். “எதில் கூட இருக்கிறது?” என்று கேட்டால் உயரமானதையே காட்டும். வீட்டில் நாலு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் இன்றே செய்து பாருங்கள். ஒரு தடவை கண்ணால் கண்டால் பரீட்சை மண்டபத்தில் மறக்க மாட்டீர்கள்.

இரண்டாமவர் வைகொட்ஸ்கி (1896 – 1934). இவரும் பியாஜேயும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள், ஞாபகத்தில் வைத்திருக்க இலகு. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியவற்றுக்கும், தன்னிலும் தெரிந்த ஒருவரின் உதவியுடன் செய்யக்கூடியவற்றுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அண்மை விருத்தி வலயம் என அவர் குறிப்பிட்டார். கற்றல் நிகழ்வது அந்த இடைவெளியில். அங்கே நிற்கவேண்டியவர் ஆசிரியர், தாய், மூத்த சகோதரர் போன்ற ஒருவர்.

மூன்றாமவர் புறூணர் (1915 – 2016). மனிதர் அறிவைப் பெற்று வைத்துக்கொள்ளும் வழிகளைச் செயல்வழி, உருவவழி, குறியீட்டுவழி என மூன்றாக அவர் காட்டினார். இவ்வலகுக்கு மிகவும் பயன்படுபவர் இவரே. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பனம்பழத்தைப் பிள்ளை கையில் எடுத்து, மணந்து, நாரைச் சூப்பி, கையிலும் சட்டையிலும் மஞ்சள் நிறத்தைப் பூசிக்கொள்வது செயல்வழி. பனம்பழத்தின் படத்தைக் காண்பது உருவவழி. ‘பனம்பழம்’ என்ற சொல்லை எழுத்திற் காண்பது குறியீட்டுவழி. திரையினால் தரக்கூடியவை இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே. முதலாவது படியில் ஏறாத பிள்ளைக்குத் திரையில் வரும் பனம்பழம் வெறும் மஞ்சட் கறுப்பு உருண்டை. அதன் பெயரைப் பிள்ளை சத்தமாகச் சொல்லக்கூடும், நாமும் கைதட்டக்கூடும். ஆனால் பொருள் விளங்கிச் சொன்னதா என்பது வேறு விடயம்.

இந்த மூன்றாவது கருத்தை விடையில் எழுதி, உங்கள் ஊர்ப் பொருளொன்றை உதாரணமாகக் காட்டுங்கள். புத்தகத்திலுள்ள அப்பிளை எழுத வேண்டாம்.

தொழினுட்பம் என்றால் கணினி மட்டுமா?

இல்லை. கற்றலுக்கென்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட எந்தக் கருவியும் இதனுள் அடங்கும். புரோபல் 1837இல் ஜேர்மனியில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கியபோது கையாண்ட நூற்பந்துகளும் மரக்கட்டைகளும் அக்காலத் தொழினுட்பமே. மரியா மொண்டிசோரி 1907இல் உரோமில் ஆரம்பித்த ‘சிறுவர் இல்லத்தில்’ பயன்படுத்திய உருளைகள், உப்புத்தாள் எழுத்துக்கள் ஆகியவையும் அவ்வாறே. அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நெறி நடத்தியவர். இன்றும் நம்மவர் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்றே அழைக்கின்றனர். பின்னர் வானொலி வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ‘சிறுவர் மலர்’ கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் ஆரம்பமாகி, 1982இல் ரூபவாஹினியுடன் நாடு முழுவதும் பரவலாயிற்று. அதற்குப் பின்னர் வந்தவையே கணினியும் தொடுதிரையும்.

வரலாற்றுக்கு விடையில் நான்கு வரிகளுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். புள்ளி கிடைக்கும் பகுதி இனித்தான் வருகின்றது.

ஆய்வுகள் கூறுவன

கட்டுரை வினாவில் ஓர் ஆய்வையாவது ஆண்டுடன் குறிப்பிடும் விடை மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும். பின்வருவனவற்றில் இரண்டைத் தெளிவாகப் படித்து வைத்தாற் போதும்.

அமெரிக்காவில் பற்றீசியா கூல் என்பவரும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியான மண்டரினைக் கேட்கச் செய்தனர். ஒரு குழுவிற்கு மண்டரின் பேசும் ஒருவர் நேரில் வந்து புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி விளையாடினார். இவ்வாறு 12 அமர்வுகள் நடைபெற்றன. வேறு குழந்தைகளுக்கு அதே பேச்சாளர், அதே புத்தகம், அதே பொம்மை யாவும் தொலைக்காட்சித் திரையில் காட்டப்பட்டன, அல்லது ஒலி மட்டும் கேட்பிக்கப்பட்டது. முடிவில், நேரில் கேட்ட குழந்தைகள் மண்டரினுக்கு உரிய ஒலி வேறுபாடுகளை இனங்கண்டன. திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளிடம் கற்றல் எதுவும் காணப்படவில்லை. கேட்ட ஒலி ஒன்றே, முன்னால் ஆள் இருந்தமையே வேறுபாடு.

2010இல் டிலோச்சும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குச் சொல் கற்பிக்கும் என விற்கப்பட்ட ஒரு காணொளி பரிசோதிக்கப்பட்டது. 12 முதல் 18 மாதக் குழந்தைகள் வீட்டில் ஒரு மாத காலம் அதனைப் பார்த்தனர். பார்க்காத குழந்தைகளிலும் பார்க்க அவர்கள் அதிகமாக எதனையும் கற்றிருக்கவில்லை. காணொளியே இல்லாமல், அதே சொற்களைப் பெற்றார் அன்றாட வேலைகளினூடே சொல்லிக்கொடுத்த குழந்தைகளே கூடுதலாகக் கற்றிருந்தனர். இன்னொரு விடயமும் வெளிப்பட்டது. காணொளியை விரும்பிய பெற்றார், தம் பிள்ளை அதிலிருந்து நிறையக் கற்றுவிட்டதாக நம்பியிருந்தனர். “எங்கட பிள்ளை போனைப் பார்த்தே எல்லாம் சொல்லுது” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படியானால் திரை என்றாலே பயனற்றதா? இங்கேதான் மூன்றாவது ஆய்வு தேவைப்படுகின்றது. 2014இல் றோஸ்பெரி, ஹேர்ஷ்-பாசெக், கொலின்கொவ் ஆகியோர் 24 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தனர். நேரிலும், காணொளி அழைப்பிலும், முன்னரே பதிவுசெய்த காணொளியிலும் கற்பித்துப் பார்த்தனர். நேரிலும் காணொளி அழைப்பிலும் குழந்தைகள் கற்றன, பதிவுசெய்த காணொளியில் கற்கவில்லை. காணொளி அழைப்பும் திரைதான். ஆனால் அதில் எதிரே இருப்பவர் குழந்தை பேசும்வரை பொறுத்திருக்கின்றார், அது சிரித்தாற் சிரிக்கின்றார், கேட்டதற்குப் பதில் சொல்கின்றார். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் தகப்பன் இரவில் அழைத்து, “இன்றைக்கு என்ன சாப்பிட்டனி?” என்று கேட்கும் அந்தப் பத்து நிமிடம் கேலிச்சித்திரத்தின் பத்து நிமிடத்தோடு சமமாகாது. நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பொருந்துவதால் விடையில் தாராளமாகச் சேர்க்கலாம்.

எழுத்துப் பயிற்சி பற்றி ஒரு குறிப்பு. எழுத இன்னும் கற்காத பிள்ளைகளைக் கொண்டு 2012இல் ஜேம்ஸ், எங்கல்ஹார்ட் ஆகியோர் செய்த ஆய்வில், எழுத்தைக் கையால் எழுதிப் பழகிய பின்னரே, வாசிப்புடன் தொடர்புடைய மூளைப் பகுதிகள் அவ்வெழுத்தைக் காணும்போது கூடுதலாகத் தொழிற்பட்டன. விசையைத் தட்டியபோதும், புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தபோதும் அவ்வளவு விளைவு ஏற்படவில்லை. ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கும் நம் வழக்கத்தை இவ்விடத்தில் ஒப்பிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

ஒரு தொலைபேசியும் ஒரு கைபிடி பயறும்

இனி நடைமுறை. ‘உமது பிரதேச முன்பள்ளிக்குப் பொருத்தமான செயற்பாடொன்றைத் திட்டமிடுக’ என்று கேட்டால் விலையுயர்ந்த சாதனங்கள் நிறைந்த வகுப்பறையை எழுத வேண்டாம். பல முன்பள்ளிகளில் இருப்பது ஆசிரியையின் சொந்தக் கையடக்கத் தொலைபேசி ஒன்றுதான். அதனைக் கொண்டே நல்ல விடை எழுதலாம்.

முதல் நாள் பிள்ளைகள் பயற்றைக் கையில் எடுத்துப் பார்க்கின்றனர், எண்ணுகின்றனர், நீரில் இடுகின்றனர். மறுநாள் ஊறிப் பருத்த பயற்றை ஊறாத பயற்றுடன் வைத்து ஒப்பிட்டு, ஈரப் பஞ்சின் மேல் பரப்புகின்றனர். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, ஒரு பிள்ளை படம் எடுக்கின்றது. எந்தப் பிள்ளை எடுப்பது என்பதற்கு முறை வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த நாட்களில் வெள்ளை முளை வெளிவரும், தண்டு நிமிரும், பின்னர் இரண்டு சிறிய இலைகள் விரியும். வார இறுதியில் ஆசிரியை அப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகின்றார். முதலில் ஒழுங்காக, பின்னர் வேண்டுமென்றே குழப்பி. “இதுக்கு முதல் எது வந்தது?” என்று கேட்கின்றார்.

இங்கே சாதனம் என்ன செய்தது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைப் பயறு வெள்ளிக்கிழமை இல்லை. கண்முன் தெரிவதையே பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, மறைந்துபோன திங்கட்கிழமையை மீண்டும் கண்முன் கொண்டுவந்து தருவது படம். பியாஜே கூறிய குறைபாட்டுக்கு நேரான உதவி இது. பயற்றைத் தொட்டது செயல்வழி, படம் உருவவழி, படத்தின் கீழ் ஆசிரியை எழுதும் ‘முளை’, ‘இலை’ என்ற சொற்கள் குறியீட்டுவழி. கேள்வி கேட்டு இடைவெளியில் நிற்பவர் ஆசிரியை. மூன்று அறிஞர்களும் ஒரு கைபிடி பயற்றுக்குள் வந்துவிட்டனர். இதனைப் பந்தியாக எழுதும் மாணவருக்குப் பரீட்சகர் புள்ளி வழங்கத் தயங்கமாட்டார்.

ஒலிப்பதிவையும் இவ்வாறே பயன்படுத்தலாம். காலையில் முற்றத்தில் பிள்ளைகளுடன் மௌனமாக நின்று கேட்கும் ஒலிகளைப் பதிவு செய்க. காகம், செண்பகம், கிணற்றுக் கப்பி, பாண் விற்க வரும் முச்சக்கர வண்டியின் இசை. (அது பீத்தோவனின் இசை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமலே ஊரெல்லாம் ஒலிக்கின்றது.) பின்னர் வகுப்பறையில் போட்டு, எது முதலில் கேட்டது, எது தூரத்தில் கேட்டது என இனங்காணச் செய்க. ஒலிகளைப் பிரித்தறியும் இத்திறனே பின்னர் எழுத்தொலிகளைப் பிரித்தறிய அடிப்படையாகும். ஒரு பிள்ளையின் அம்மம்மா சொல்லும் கதையைப் பதிவுசெய்து வந்து வகுப்பிற் கேட்பிப்பதும் நல்லது. அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைக்கும் பெருமை வேறெந்தக் கேலிச்சித்திரத்தாலும் கிடைக்காது.

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குத் தொழினுட்பம் ஆற்றும் பணி வேறு தரத்தது என்பதையும் ஒரு பந்தியிற் குறிப்பிடுக. செவிப்புலக் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கேட்டற் கருவியும், பேச இயலாத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் கருவியும் கற்றலுக்கான வாசலையே திறந்துவிடுகின்றன.

வரையறைகள்

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் திரையின் முன் இருத்தல் பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைவாக இருத்தல் மேலும் நன்று. இந்த எண்களை மட்டும் மனனஞ் செய்யும் மாணவர் அதே வழிகாட்டலின் மறுபாதியை விட்டுவிடுகின்றனர். 3, 4 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடற்செயற்பாடும், 10 முதல் 13 மணித்தியால நித்திரையும் தேவை என அது கூறுகின்றது. திரை எந்த நேரத்தைப் பறிக்கின்றது என்பதே கவலைக்குரிய விடயம்.

பிள்ளைகளின் படங்களைப் பெற்றாரின் சம்மதமின்றிச் சமூக ஊடகங்களில் இடுதல் கூடாது. இதனை ஒரு வாக்கியமாக எழுதினாற் போதும்.

வசதி வேறுபாடு பற்றிச் சற்று விரிவாக எழுதுக. 2020 மார்ச்சில் பாடசாலைகளும் முன்பள்ளிகளும் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியே அனுப்பப்பட்டன. வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி உயர்தரம் படிக்கும் அக்காவுக்கே போதாதிருந்த வீடுகளில் நாலு வயதுப் பிள்ளையின் முறை வரவேயில்லை. சமிக்ஞை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய மாணவர்களையும் நாடு கண்டது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சாதனத்தை மட்டும் நம்பித் திட்டமிட்ட பாடம் அத்தகைய நாளில் நின்றுபோகும். பயறோ மின்சாரம் இல்லாவிட்டாலும் முளைக்கும், அன்றைய படத்தைப் பிள்ளை தாளில் வரைந்து வைக்கலாம். எனவே செயற்பாட்டைத் திட்டமிடும்போது ‘சாதனம் இல்லாதவிடத்து மாற்று வழி’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுக. பெரும்பாலான விடைகளில் இது காணப்படுவதில்லை.

மாதிரி வினா

கிராமப்புற முன்பள்ளியொன்றில் 18 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் உள்ளனர். ஆசிரியையிடம் கையடக்கத் தொலைபேசி ஒன்று உண்டு. பெற்றார் சிலர், “பிள்ளைகளுக்குப் பாட்டு வீடியோக்களைப் போட்டுக் காட்டினால் நல்லாய்ப் படிப்பார்கள்” எனக் கேட்கின்றனர்.
(அ) இக்கோரிக்கையை மதிப்பிடுக. (8 புள்ளிகள்)
(ஆ) அத்தொலைபேசியைப் பயன்படுத்திச் செயற்பாடொன்றைத் திட்டமிடுக. (12 புள்ளிகள்)

(அ)வுக்கான விடைப் பகுதி: “பெற்றாரின் கோரிக்கை பிள்ளைகளின் நலன் கருதியதே. பாட்டுக் காணொளி பிள்ளைகளை மகிழ்விக்கும், தாளத்துக்கு ஆடவும் செய்யும். எனினும் 18 பிள்ளைகள் சிறிய திரையொன்றைச் சூழ்ந்து பார்க்கும்போது பின்னால் நிற்கும் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. மேலும் பதிவுசெய்த காணொளி பிள்ளையின் பேச்சுக்குப் பதிலளிப்பதில்லை. கூல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு, குழந்தைகள் ஆளிடமிருந்து கற்ற மொழியொலிகளைத் திரையிலிருந்து கற்கவில்லை எனக் காட்டியது. எனவே ஆசிரியை முதலில் பாட்டை அபிநயத்துடன் தாமே பாடி, பிள்ளைகளையும் பாடச் செய்து, அவர்களின் குரலைத் தொலைபேசியிற் பதிவுசெய்து மீண்டும் கேட்பிக்கலாம். அப்போது பிள்ளை பார்ப்பவராக மட்டுமன்றிப் பாடுபவராகவும் மாறும்.”

இவ்விடை பெற்றாரைக் குறை கூறாமல் ஆரம்பிப்பதைக் கவனியுங்கள். ‘மதிப்பிடுக’ என்றால் இரு பக்கமும் பார்த்தல் வேண்டும். “தொலைபேசி கூடாது” என்று ஒரே அடியாக முடிக்கும் விடைக்கும், “தொலைபேசி மிகச் சிறந்தது” என்று புகழும் விடைக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளிதான் கிடைக்கும். (ஆ)வுக்குப் பயற்றுச் செயற்பாட்டை அப்படியே எழுதாமல், உங்கள் ஊருக்கு ஏற்ற வேறொன்றைத் தெரிவு செய்க. கடற்கரைக் கிராமமாயின் சிப்பிகள், தோட்டப்புறமாயின் தேயிலைக் கொழுந்து, நகரமாயின் சந்தை.

பயிற்சி வினாக்கள்

1. புறூணரின் மூன்று வழிகளையும் உமது வீட்டுக் குசினியிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.
2. காணொளி அழைப்புக்கும் பதிவுசெய்த காணொளிக்கும் இடையிலான வேறுபாட்டினைச் சிறு பிள்ளையின் மொழி விருத்தியுடன் தொடர்புபடுத்தி எழுதுக.
3. நான்கு வயதுப் பிள்ளையொன்றை அரை மணித்தியாலம் தொலைபேசியுடனும், அரை மணித்தியாலம் மணலில் விளையாடும்போதும் அவதானிக்குக. ஒவ்வொன்றிலும் பிள்ளை எத்தனை தடவை கேள்வி கேட்டது, யாரிடம் கேட்டது, பதில் கிடைத்ததா என்பனவற்றை அட்டவணைப்படுத்துக. (இவ்வினாவின் விடையை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக. புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாது.)